மூடிய புத்தகத்தில் படிக்கும் பாடம்

பிப்ரவரி பிறந்ததும் வடாலாவில் ஃபைவ் கார்டன்ஸுக்கு மாலை நடை போகிறவர்கள் ஒரு மாறுதலைக் கவனிக்கலாம். பெஞ்சுகளில் வழக்கமாக உட்கார்ந்து அரசியல் பேசும் பெரியவர்கள் ஓரமாக ஒதுங்கிவிடுவார்கள். அவர்கள் இடத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள். மடியில் புத்தகம், கையில் மஞ்சள் நிற மார்க்கர், முகத்தில் கவலை. பத்தாம் வகுப்புத் தேர்வும் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வும் வந்துவிட்டன என்று அர்த்தம்.

வடாலா, மாதுங்கா, தாதர் மூன்றும் கைகோக்கும் இடத்தில் இருக்கின்றன இந்த ஐந்து தோட்டங்கள். 1896ல் பிளேக் நோய் பம்பாயை உலுக்கிய பிறகு, மக்களுக்குக் காற்றும் வெளிச்சமும் வேண்டும் என்று இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் போட்ட திட்டத்தில் உருவான பகுதி இது. காற்றுக்காகப் போட்ட தோட்டம் இன்று படிப்பறையாகவும் பயன்படுகிறது. காரணம் எளிமையானது. ஆன்டாப் ஹில்லிலும் தாராவியிலும் ஒரே அறையில் ஐந்தாறு பேர் வாழும் வீடுகளில் மேஜை நாற்காலிக்கு ஏது இடம்? வொர்லியில் 160 சதுர அடி அறைகள் கொண்ட பி.டி.டி. சால்களின் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகத் தெருவிளக்கின் கீழ் படித்துப் படித்து, அங்கே ஒரு தெருவுக்கே 'அப்யாஸ் கல்லி' (படிப்புச் சந்து) என்று பெயர் வந்துவிட்டது.

ஆகவே, இடமில்லை என்பது இந்த நகரத்துப் பிள்ளைகளுக்குப் புதிய பிரச்னை அல்ல. அதை அவர்கள் எப்படியோ சமாளித்துக் கொள்கிறார்கள். என்னை உறுத்துவது வேறு விஷயம். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் எந்தப் பிள்ளையையும் கேட்டுப் பாருங்கள். "இன்னிக்கு ஏழு மணி நேரம் படிச்சேன்" என்று பதில் வரும். என்ன படித்தாய், அதில் எவ்வளவு நினைவிருக்கிறது என்று கேட்டால் மௌனம். வீட்டிலும் கணக்கு மணி நேரத்தில்தான். புத்தகம் திறந்திருந்தால் பிள்ளை படிக்கிறான், மூடியிருந்தால் படிக்கவில்லை. இதுதான் நம்முடைய அளவுகோல்.

இந்த அளவுகோல் தப்பு. அதை நிரூபித்து வெகு நாளாகிவிட்டது.

அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மாணவர்களுக்கு ஒரு கட்டுரைப் பகுதியைப் படிக்கக் கொடுத்தார்கள். பிறகு சிலரை அதையே மறுபடி படிக்கச் சொன்னார்கள். மற்றவர்களிடமிருந்து தாளை வாங்கிக்கொண்டு, நினைவில் இருப்பதையெல்லாம் எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, இரண்டு முறை படித்தவர்களே ஜெயித்தார்கள். அவர்களுக்கு 81 சதவீதம் நினைவிருந்தது; எழுதிப் பார்த்தவர்களுக்கு 75 சதவீதம். ஆனால் ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது கதை தலைகீழ். திரும்பத் திரும்பப் படித்தவர்களுக்கு 42 சதவீதம்தான் மிஞ்சியிருந்தது. ஒரே ஒரு முறை படித்துவிட்டு, மூடி வைத்து எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம்.

இதில் நம் பிள்ளைகள் கவனிக்க வேண்டியது அந்த முதல் ஐந்து நிமிட ஏமாற்று. பாடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கும்போது அது பழகிய முகம் போல் ஆகிவிடுகிறது. 'இது எனக்குத் தெரியுமே' என்ற திருப்தி உண்டாகிறது. தெருவில் எதிரே வருகிறவரைப் பார்த்தால் அடையாளம் தெரிகிறது. பெயரைச் சொல் என்றால் வாயில் வருவதில்லை. தேர்வு கேட்பது பெயரை. முகத்தை அல்ல.

2013ல் டன்லாஸ்கி என்ற உளவியலாளரும் அவர் குழுவும், மாணவர்கள் கையாளும் பத்துப் படிப்பு முறைகளை எடுத்து, ஒவ்வொன்றையும் பற்றி அதுவரை வந்த ஆய்வுகளை அலசினார்கள். கோடு போடுவது, மார்க்கர் பூசுவது, திரும்பப் படிப்பது ஆகியவற்றுக்குக் கடைசி வரிசையில்தான் இடம் கிடைத்தது. உயர்ந்த மதிப்பு இரண்டுக்கு மட்டும்: தன்னைத் தானே சோதித்துக்கொள்வது, பாடத்தை நாள் விட்டு நாள் பிரித்துப் படிப்பது.

வெள்ளைக்காரன் சொன்னால்தான் நம்புவோம் என்பவர்களுக்கு இவ்வளவு போதும். ஆனால் விஷயம் நமக்குப் புதிதல்ல. உ.வே.சாமிநாதையர் தம் 'என் சரித்திரம்' நூலில், சிறு வயதில் தாம் படித்த திண்ணைப் பள்ளிக்கூடத்தை வர்ணிக்கிறார். மாலையில் பிள்ளைகள் வீட்டுக்குக் கிளம்பும்போது உபாத்தியாயர் ஒவ்வொருவனுக்கும் ஒரு பூவின் பெயர், ஒரு பறவையின் பெயர் என்று சொல்லி அனுப்புவார். ஏட்டில் எழுதித் தர மாட்டார். அதை இரவெல்லாம் நினைவில் வைத்திருந்து மறுநாள் திரும்பச் சொல்ல வேண்டும். அந்த உபாத்தியாயர் எந்த உளவியல் பத்திரிகையும் படித்ததில்லை. ஆனால் ஓர் இரவு இடைவெளி விட்டு நினைவைத் தட்டி எழுப்பினால் அது பலப்படும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை. நான் சொல்வது ஒப்பிப்பதை அல்ல. வரிக்கு வரி உருப்போட்டவன், ஒரு சொல் நழுவினால் மொத்தமும் நழுவித் தேர்வறையில் திகைத்து நிற்பான். சொந்த வார்த்தையில் சொல்லத் தெரிந்தவனுக்கு ஒரு சொல் போனால் இன்னொரு சொல் வரும்.

எங்கள் கட்டிடத்துக்குப் பின்புறம் உள்ள சாலில் ஒரு தமிழ்க் குடும்பம். திருநெல்வேலிப் பக்கம் பூர்வீகம். அப்பா தலையில் அலுமினியப் பாத்திரத்தைச் சுமந்து இட்லி விற்கிறவர். அம்மா விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டுகிறவர். மூத்த பெண் பத்தாம் வகுப்பு, ஆங்கில மீடியம். அந்த அம்மாவின் குறை ஒன்றுதான்: "நான் அஞ்சாங் கிளாஸ்தான். பக்கத்து வீட்டுலெல்லாம் உக்காந்து சொல்லிக் குடுக்கறாங்க. எனக்கு என்ன தெரியும்?"

உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. அவள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தால் போதும் என்றேன். என்னை நம்பினாரோ இல்லையோ, செய்து பார்த்தார். ஒரு நாள் மாலை நான் போனபோது அவர் உளுந்து களைந்துகொண்டிருந்தார். பெண் எதிரே உட்கார்ந்து, புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, லென்ஸ் பாடத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள். கண்ணுக்குள் ஒரு லென்ஸ் இருக்கிறது, கிட்டப்பார்வைக்காரருக்குத் தூரத்தில் உள்ளது ஏன் மங்கலாகத் தெரிகிறது, அதற்கு ஏன் குழிலென்ஸ் போட்ட கண்ணாடி. அம்மா கை ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்போ உங்கப்பா பேப்பரைத் தள்ளி வச்சுப் படிக்கறாரே, அது என்ன?" என்றார்.

பெண் திணறினாள். புத்தகத்தைத் திறந்து தேடினாள். வயதானால் கண் லென்ஸைச் சரிசெய்யும் தசைகள் தளர்ந்துபோகின்றன, அதற்குக் குவிலென்ஸ் போட்ட கண்ணாடி வேண்டும் என்று இருந்தது. படித்துச் சொன்னாள். "இதுக்குப் பேருதானே வெள்ளெழுத்து" என்றார் அம்மா.

அந்தப் பத்து நிமிடத்தில் அந்தப் பெண் எது தெரியும், எது தெரியாது என்று கண்டுகொண்டாள். தெரியாததை உடனே தேடிப் படித்தாள். ஆங்கிலத்தில் படித்ததைத் தமிழில் மாற்றிச் சொன்னதில், புரியாமல் உருப்போட்டதெல்லாம் அகப்பட்டுவிட்டது. புரியாததை மொழிபெயர்க்க முடியாது, பாருங்கள். இதற்கு டியூஷன் கட்டணமில்லை, தனி அறை வேண்டாம். ஐந்தாம் வகுப்புப் படித்த அம்மா போதும்.

மராத்திக்கும் இதையே செய்யலாம். மகாராஷ்டிரத்தில் எல்லாப் பள்ளிகளிலும் மராத்தி கட்டாயம் என்று 2020ல் சட்டமே வந்துவிட்டது. தமிழ்ப் பிள்ளைகளுக்கு வீட்டில் அதைச் சொல்லித் தர ஆளிருக்காது. ஆனால் மும்பையில் மராத்தி பேச ஆள் தேட வேண்டுமா? பாடத்தில் வரும் கதையைக் காய்கறிக்காரம்மாவிடமோ எதிர்வீட்டுத் தோழியிடமோ சொல்லிப் பார்க்கட்டும். அவர்கள் சிரித்துத் திருத்துவார்கள். சிரித்துத் திருத்தியது மறக்காது.

அடுத்தது இடைவெளி. எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1885லேயே தன்னையே சோதனைப் பொருளாக்கி, மறதி எப்படி வேலை செய்கிறது என்று அளந்து காட்டினார். படித்தவுடன் மறதி வேகமாகத் தின்கிறது, பிறகு மெதுவாக. மறக்கத் தொடங்கும் நேரத்தில் ஒரு தரம் நினைவுபடுத்திக்கொண்டால், அடுத்த முறை மறதியின் வேகம் குறைகிறது. ஆகவே ஒரு பாடத்தை ஒரே நாளில் நான்கு மணி நேரம் படிப்பதைவிட, நான்கு நாட்களில் ஒவ்வொரு மணி நேரம் படிப்பது லாபம். இன்று படித்ததை நாளை காலை ஐந்து நிமிடம், மூன்று நாள் கழித்து ஒரு முறை, அடுத்த வாரம் ஒரு முறை. இவ்வளவுதான் என்று சட்டமில்லை. ஒவ்வொரு முறையும் புத்தகம் மூடியிருக்க வேண்டும் என்பதுதான் சட்டம். முதலில் வெற்றுத் தாளில் நினைவிருப்பதை எழுது. பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டதைச் சிவப்பு மையில் சேர். அடுத்த முறை அந்தச் சிவப்பை மட்டும் பார்.

கணக்குக்கும் இதே நியாயம்தான். கைடில் உள்ள விடையைப் பார்த்துக்கொண்டே 'ஆமாம், ஆமாம்' என்று தலையாட்டுவது கணக்குப் போடுவதாகாது. பழைய கேள்வித்தாளை எடுத்து, கடிகாரத்தை எதிரில் வைத்து, மூன்று மணி நேரம் எழுந்திராமல் எழுதிப் பார்க்க வேண்டும். தேர்வறையின் பயத்தில் பாதி, அந்த மூன்று மணி நேரம் எப்படி இருக்கும் என்று தெரியாததால் வருவது.

தூக்கம்? இங்கேதான் பெற்றோர்கள் என்னோடு சண்டைக்கு வருகிறார்கள். இந்த வயதுப் பிள்ளைகளுக்கு எட்டு மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம் வேண்டும் என்கிறது மருத்துவம். பகலில் படித்ததை மூளை பதிய வைப்பதில் தூக்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. தூக்கத்தை வெட்டிப் படிப்பது, உண்டியலில் ஓட்டையைப் போட்டுவிட்டுக் காசு சேர்ப்பது போல.

'அம்பேத்கர் இரவெல்லாம் விழித்துப் படிக்கவில்லையா?' என்று கேட்பார்கள். பள்ளி மாணவராக இருந்தபோது அவர் எப்படிப் படித்தார் என்பதை அவருடைய வாழ்க்கை வரலாறு சொல்கிறது. பரேலில் ஒற்றை அறை. அதுதான் சமையலறை, அதுதான் படுக்கையறை. தந்தை ராம்ஜி மகனைச் சீக்கிரமே தூங்க வைத்துவிடுவார். தாம் விழித்திருந்து, இரவு இரண்டு மணிக்கு மகனை எழுப்பிவிட்டு, அந்த இடத்தில் தாம் படுத்துக்கொள்வார். ஊர் உறங்கும் நேரத்தில் மண்ணெண்ணெய் விளக்கில் மகன் படிப்பார். அந்தத் தந்தை மகனின் தூக்கத்தைப் பறிக்கவில்லை. நேரத்தை இடம் மாற்றினார். விழித்திருக்கும் கஷ்டத்தைத் தம் மேல் போட்டுக்கொண்டார். ஒற்றை அறை வீடுகளில் இன்றும் செய்யக்கூடியது இது. இரவு ஒன்பதரைக்கு டி.வி.யையும் விளக்கையும் அணைத்துவிட்டு மொத்தக் குடும்பமும் படுத்தால், தண்ணீர் பிடிக்க அம்மா எழும் நேரத்தில் பிள்ளையும் எழலாம். ஒரு வீட்டின் மிக அமைதியான மணி நேரம் அது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1907ல் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியிலிருந்து மெட்ரிகுலேஷன் தேறிய அம்பேத்கர் வாங்கிய மதிப்பெண் 750க்கு 282. நூற்றுக்கு நாற்பதுகூட இல்லை. பிறகு கொலம்பியா, லண்டன், அரசியல் சட்டம் எல்லாம் வந்தன. வடாலாவில் அவர் பெயரிலேயே ஒரு கல்லூரி இருக்கிறது. மதிப்பெண் முக்கியமல்ல என்று நான் சொல்ல வரவில்லை. குடியேறி வந்த குடும்பத்துக்கு அது ஏணி. இல்லாதவர்களிடம் போய் ஏணி எதற்கு என்று கேட்கக் கூடாது. ஆனால் ஒரு படி சறுக்கினால் ஏணியே முறிந்துவிடுவதில்லை.

பயத்துக்கு வருகிறேன். கொஞ்சம் பயம் நல்லது. அது இல்லாவிட்டால் எந்தப் பிள்ளையும் கிரிக்கெட் மட்டையைக் கீழே வைக்காது. யெர்க்ஸ், டாட்சன் என்ற இருவர் 1908ல் எலிகளை வைத்துச் செய்த ஆராய்ச்சியே இதைக் காட்டிவிட்டது: கடினமான வேலையில், தூண்டுதல் ஓரளவுக்கு மேல் போனால் கற்பது கெடுகிறது. மனதில் கணக்குப் போடுவதற்கு இருக்கும் இடம் சிறியது. அதில் பாதியைக் 'ஃபெயிலாகிவிட்டால் அப்பா என்ன சொல்வார்?' என்ற எண்ணம் பிடித்துக்கொண்டால், கணக்குக்கு இடமேது? ஒற்றை அறையில் விருந்தாளி வந்து உட்கார்ந்துவிட்டது போலத்தான்.

விருந்தாளியை வெளியே அனுப்ப ஒரு வழி உண்டு. சிகாகோ பல்கலைக்கழகத்தின் ரமீரஸ், பெய்லாக் என்ற ஆராய்ச்சியாளர்கள் 2011ல் வெளியிட்ட சோதனையில், தேர்வுக்குச் சற்று முன் பத்து நிமிடம் தங்கள் பயத்தை அப்படியே தாளில் எழுதித் தீர்த்த மாணவர்கள், எழுதாதவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். எல்லோருக்கும் பலிக்கும் என்று உத்தரவாதமில்லை. ஆனால் செலவு ஒரு தாள்தான். தேர்வன்று காலை பள்ளி வாசலில் நின்று, 'நீ அந்தச் சாப்டர் படிச்சியா?' என்று ஒருவரை ஒருவர் பயமுறுத்திக்கொள்வதைவிட இது நிச்சயம் மேல். வினாத்தாள் கைக்கு வந்ததும் படபடப்பு வந்தால், பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இழுக்கும் மூச்சைவிட விடும் மூச்சை நீளமாக்கி ஐந்தாறு முறை விட்டால் நெஞ்சு சற்று அடங்கும். பிறகு நன்றாகத் தெரிந்த ஒரு கேள்வியில் ஆரம்பிக்கலாம்.

இதுவரை சொன்னதெல்லாம் பிள்ளைகளுக்கு. பெற்றோருக்குச் சொல்ல வேண்டியது கடுமையானது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022ல் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். முதலிடம் மகாராஷ்டிரத்துக்கு, 1,764 பேர். இரண்டாமிடம் தமிழ்நாட்டுக்கு, 1,416 பேர். ஒன்று நாம் வந்த மாநிலம், மற்றது நாம் வாழும் மாநிலம். இவை எல்லாமே தேர்வால் நேர்ந்தவை அல்ல. ஒரு மரணத்துக்கு ஒரே காரணம் இருப்பதும் அரிது. ஆனால் தேர்வுக் காலத்தில் பேசாமல் ஒடுங்கும் பிள்ளையைச் 'சோம்பேறி' என்று ஏசுவதற்கு முன், இந்த எண்களை ஒரு முறை நினைத்துக்கொள்ள வேண்டும்.

அரசாங்கங்களும் போர்டுகளும் ஓரளவு இறங்கி வந்திருக்கின்றன. மத்திய போர்டான சி.பி.எஸ்.இ. 1998லிருந்து தேர்வுக்கு முன் மாணவர்களுக்கு மனநல ஆலோசனை தருகிறது. தமிழ்நாடு 2017ல் முதல் ரேங்க், இரண்டாம் ரேங்க் பட்டியலை நிறுத்தியது. மகாராஷ்டிர போர்டில் தவறியவர்கள் சில மாதங்களிலேயே துணைத் தேர்வு எழுதலாம். ஒரு வருடம் வீணாகாமல் தப்பிக்க அது வழி. வீடுகள்தான் இன்னும் இறங்கி வரவில்லை. பத்திரிகையில் நின்றுபோன ரேங்க் பட்டியல் நம் வீட்டுக் கூடத்தில் தினமும் வெளியாகிறது: பக்கத்து வீட்டுப் பையன், சித்தப்பா மகள், ஆபீஸ் நண்பரின் பிள்ளை.

பிள்ளை சாப்பிட மறுக்கிறதா, பல நாளாகத் தூங்கவில்லையா, தனக்குப் பிடித்த பொருட்களை மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுகிறதா, 'நான் இல்லாவிட்டால் நல்லது' என்ற தொனியில் பேசுகிறதா? அப்போது புத்தகத்தை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு அருகில் உட்காருங்கள். தனியே விடாதீர்கள். வெளிப்படையாகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. தாமதிக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மத்திய அரசு 2022ல் தொடங்கிய டெலி மானஸ் மனநலத் தொலைபேசிச் சேவையின் எண் 14416. கட்டணமில்லை, இரவு பகல் எப்போதும் பேசலாம், தமிழிலும் பேசலாம். இந்த எண்ணைக் காலண்டரில், தேர்வுத் தேதிகளுக்குப் பக்கத்திலேயே, எழுதி வையுங்கள்.

தேர்வு முடிந்து வீட்டுக்கு வரும் பிள்ளையிடம் கேள்வித்தாளைப் பிடுங்கிச் சரிபார்க்கும் வழக்கத்தையும் இந்த வருடம் விட்டுப் பாருங்கள். எழுதியாயிற்று, இனி மாற்ற முடியாது. அந்த நேரத்தில் வரும் ஒவ்வொரு 'ஐயோ'வும் நாளைய தேர்வின் மதிப்பெண்ணில் கழியும். "சாப்பிட வா" என்று சொன்னால் போதும்.

அன்று ஃபைவ் கார்டன்ஸிலிருந்து திரும்பும்போது ஒரு பெஞ்சில் இரண்டு பையன்களைப் பார்த்தேன். ஒருவன் புத்தகத்தை மூடித் தன் அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டு, கையை ஆட்டி ஆட்டி என்னவோ விளக்கிக்கொண்டிருந்தான். மற்றவன் நடுநடுவே இடைமறித்துச் சிரித்தான். அந்த வழியாகப் போன ஒரு பெரியவர், "பரீட்சை நேரத்தில் பார், அரட்டை!" என்று என்னிடம் முணுமுணுத்தார்.

படித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றேன். அவர் நம்பவில்லை.